மருந்து அடித்த பிறகு அது எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது?

மாசிப் பட்டத்தில் பருத்தி போட்டவர்களில் சிலர் இந்தக் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். செடி நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஒரு மருந்து அடிப்பீர்கள். நாலைந்து நாளில் கொழுந்து இலைகள் விரல் விரலாகப் பிரிந்து, ஒல்லியாகி, வெண்டை இலையைப் போல மாறி நிற்கும். இலை நரம்புகள் நெருக்கமாக வரிவரியாகத் தெரியும். கடைக்காரரிடம் போனால் வைரஸ் என்று சொல்லி இன்னொரு மருந்தைக் கையில் கொடுப்பார். அதையும் அடிப்பீர்கள். ஒன்றும் ஆகாது.

பெரும்பாலும் அது வைரஸ் அல்ல. அதே ஸ்ப்ரேயரில் ஒரு வாரத்துக்கு முன் மக்காச்சோளத்துக்கோ கரும்புக்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்திருப்பீர்கள், அல்லது இரவல் வாங்கிப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடித்திருப்பார். "டேங்கைத் தண்ணி ஊத்தி அலசித்தானே வச்சேன்" என்பீர்கள். அலசினீர்கள், சரி. ஆனால் டேங்கின் உட்சுவரிலும், ரப்பர் குழாயிலும், வடிகட்டியிலும், நாசிலிலும் ஒட்டியிருந்தது அந்தத் தண்ணீருக்கு வரவில்லை. அடுத்து ஊற்றிய பூச்சிமருந்தில் எண்ணெயும் குழம்பாக்கும் பொருளும் இருந்தன. அவை அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பருத்தியின் மேல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டன.

2,4-டி-க்குப் பருத்தி போல அஞ்சும் பயிர் குறைவு. களைக்கு அடிக்கும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு பட்டாலே இலை கோணும். 16 லிட்டர் டேங்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 16 மில்லி. ஒரு ஸ்ப்ரேயரின் குழாயிலும் வடிகட்டியிலும் மட்டுமே அவ்வளவு தேங்கி நிற்கும்.

நஷ்டம் எல்லாம் வருவது நாம் அடித்த மருந்தால் மட்டுமல்ல. அடித்த பிறகு எங்கோ ஒட்டிக்கொண்டு நின்ற மருந்தாலும் வருகிறது. எது எதில் ஒட்டும், எப்போது விடும் என்பது தெரிந்தால் பருத்தியும் பிழைக்கும், கிணறும் பிழைக்கும், மருந்து அடிப்பவரும் பிழைப்பார்.

ஒட்டுவது என்றால் என்ன?

பழைய மண்ணெண்ணெய்க் கேனை எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது. எவர்சில்வர் குடத்தில் அப்படி நிற்பதில்லை. பிளாஸ்டிக்கும் எண்ணெயும் ஒரே இனம், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பூச்சிமருந்துகளில் பெரும்பகுதி எண்ணெய்க் குணம் கொண்டவை. பிளாஸ்டிக், ரப்பர், இலையின் மெழுகு, மாட்டின் கொழுப்பு, மனிதத் தோல், மண்ணில் உள்ள மக்கு என்று எண்ணெய்ப் பசை உள்ள இடமெல்லாம் அவற்றுக்குச் சொந்த வீடு.

ஒரு பொருள் இன்னொன்றின் மேற்பரப்பில் இப்படிப் பிடித்துக்கொள்வதைப் பள்ளிப் பாடத்தில் 'பரப்புக் கவர்ச்சி' என்பார்கள். உள்ளே ஊறிப் போவது வேறு, மேலே ஒட்டுவது வேறு. பல நேரம் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இன்னொரு வகை ஒட்டுதலும் உண்டு. களிமண் துகளின் மேல் எதிர் மின்சுமை இருக்கிறது. பாராகுவாட் போன்ற மருந்து நேர் மின்சுமை கொண்டது. காந்தத்தின் இரு முனைகளைப் போல இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இங்கே எண்ணெய்க்கு வேலை இல்லை.

ஒட்டுவதற்கு வேண்டியது பரப்பு. அது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். நம் கரிசல் மண்ணில் அதிகம் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகையை ஒரு கிராம் எடுத்து, அதன் அடுக்குகளை எல்லாம் பிரித்து விரித்தால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 15 முதல் 20 சென்ட் நிலம். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் அவ்வளவு இடம். செவல் மண்ணில் இருக்கும் கயோலினைட் களிமண்ணில் இது 10, 20 சதுர மீட்டர்தான். சேத்தூரிலிருந்து மலையடிவாரம் பக்கம் போனால் செவல், கிழக்கே போகப்போகக் கரிசல் என்றிருக்கும் நம் பகுதியில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. பின்னால் இதற்கு வருகிறேன்.

கலங்கல் தண்ணீரில் களை மருந்து

கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும். கண்மாய் மடையில் ஓடும் கலங்கல் தண்ணீரைப் பிடித்துக் களைக்கொல்லி கலப்பவர்கள் உண்டு. புல் சாகவில்லை என்றதும் மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டை.

பாராகுவாட்டும் கிளைபோசேட்டும் மண்ணைக் கண்டால் விடவே விடாது. பாராகுவாட் மின்சுமையால் ஒட்டுகிறது. கிளைபோசேட் மண்ணில் உள்ள இரும்பு, அலுமினியத் துகள்களோடு பிணைகிறது. நீங்கள் போடும் சூப்பர் பாஸ்பேட் மண்ணில் பூட்டிக்கொள்கிறதே, அதே வழியில்தான். தண்ணீரில் மண் இருந்தால் மருந்து டேங்குக்குள்ளேயே அந்த மண்ணில் ஒட்டிவிடும். புல்லின் மேல் விழுவது மருந்து ஏற்றிய சேறு. அது புல்லுக்குள் போகாது. புழுதி படிந்த பாதையோரப் புல் மேல் அடித்தாலும் இதே கதைதான். உப்பும் சுண்ணாம்பும் அதிகமான போர்வெல் தண்ணீரும் கிளைபோசேட்டின் வேகத்தைக் குறைக்கும்.

பாராகுவாட் குடித்துவிட்டவர்களுக்குச் சில மருத்துவமனைகளில் ஒருவகைக் களிமண்ணைக் கரைத்துக் கொடுத்தது இந்தக் குணத்தை நம்பித்தான். வயிற்றிலேயே மண் அதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. ஆனால் உடம்புக்குள் ஏறிவிட்ட பாராகுவாட்டுக்கு முறிமருந்து கிடையாது. அதை வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது மறக்கக்கூடாது.

கிளைபோசேட் பற்றி இன்னொன்று. 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதற்காகச் சட்டம் மாறிவிடாது.

தாமரை இலைத் தண்ணீர்

நெல், வெங்காயம், வாழை, முட்டைக்கோஸ் இலைகளில் மெழுகு அதிகம். தண்ணீர் விழுந்தால் உருண்டு ஓடிவிடும். அதனால்தான் மருந்தோடு ஒட்டும் திரவம் சேர்க்கச் சொல்கிறார்கள். துளியின் உருண்டை உடைந்து இலையில் படரும். அளவுக்கு மேல் ஊற்றினாலோ, இலை சொட்டச் சொட்ட அடித்தாலோ படர்ந்த மருந்து வழிந்து தரைக்குப் போகும். இலை நுனியில் சொட்டு விழ ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு அடிப்பது பயிருக்கு அல்ல, மண்ணுக்கு.

இதே மெழுகு மாம்பழத் தோலிலும் இருக்கிறது. ராஜபாளையம் மாங்காய்க்குச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தான். எண்ணெய்க் குணம் உள்ள மருந்து தோலின் மெழுகில் தங்கிவிடும். வெறும் தண்ணீரில் கழுவினால் தூசியோடு ஒட்டியது போகும், மெழுகில் இறங்கியது முழுதாகப் போகாது. தோலைச் சீவினால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் இமிடாகுளோபிரிட் போன்ற, செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்துகள் சதைக்குள்ளேயே இருக்கும். அதற்குக் கழுவலும் இல்லை, சீவலும் இல்லை. கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளிதான் ஒரே வழி. பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு அடிப்பது வேறு. குத்தகைக்காரர் அவசரத்தில் பறிப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது அடிப்பது வேறு. குத்தகை பேசும்போதே கடைசித் தெளிப்பு எந்தத் தேதிக்குள் என்று பேசிவிடுங்கள்.

கரிசலில் ஒரு கதை, செவலில் ஒரு கதை

சில மருந்துகளைத் தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கும். கரைந்துவிட்டது என்று நினைக்கிறோம். கரையவில்லை, எண்ணெய்த் துளிகள் பொடிப்பொடியாகி மிதக்கின்றன, அவ்வளவுதான். குளோர்பைரிபாஸ் உண்மையில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான் கரையும். இமிடாகுளோபிரிட் சுமார் 600 மில்லிகிராம் கரையும். மோனோகுரோட்டோபாஸ் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீரோடு கலந்துவிடும்.

பொதுவாகத் தண்ணீரில் கரையாதது மண்ணில் ஒட்டும். கரைவது தண்ணீரோடு நடக்கும். (கிளைபோசேட் விதிவிலக்கு. நன்றாகக் கரையவும் செய்யும், மண்ணில் இறுக்கமாக ஒட்டவும் செய்யும்.)

ஆகவே உங்கள் நிலம் எது என்று பாருங்கள். மலையடிவாரத்துச் செவல், ஓடைக்கரை மணல் நிலம் என்றால் ஒட்டும் இடம் குறைவு, தண்ணீர் சட்டென்று கீழே இறங்கும். கரையும் மருந்தைக் கிணற்றடியில் கலந்து, அங்கேயே டேங்கையும் கழுவினால் அது கிணற்றுக்குத்தான் போகும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, சில வீட்டில் மனிதரும் குடிக்கிறார்கள். மக்காச்சோளத்துக்கு முளைப்புக்கு முன் போடும் அட்ரசின் இதற்குச் சரியான உதாரணம். மண்ணில் அரைகுறையாக ஒட்டும், மாதக்கணக்கில் சிதையாமல் நிற்கும், மெல்லக் கீழே இறங்கும். நிலத்தடி நீரில் அது தேறியதால் ஐரோப்பிய ஒன்றியம் 2000-களின் தொடக்கத்திலேயே அதற்கு அனுமதியை நிறுத்திவிட்டது. கிணறு கெடுவது ஒரு பக்கம். அளவு கூடிப்போனால் அடுத்து விதைக்கும் உளுந்தும் பாசிப்பயறும் முளைத்துக் கருகுவது இன்னொரு பக்கம்.

கரிசலில் கதை வேறு. களிமண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; கிணற்றுக்குப் போவது குறையும். நல்லதுதானே என்று தோன்றும். பாதி நல்லது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் மருந்தைத் தின்று சிதைக்க வேண்டும். இறுக்கமாக ஒட்டியிருப்பதை அவற்றால் எளிதில் எட்ட முடியாது. அதனால் ஒட்டியது நீண்ட நாள் நிற்கும். கோடையில் கரிசல் வெடிக்கும்போது அந்த வெடிப்பு வழியே முதல் மழைத் தண்ணீர் நேராக உள்ளே விழுவதும் உண்டு. அப்போது களிமண் பிடிப்பதற்கு நேரமே இருக்காது. ஆக, கரிசல் விவசாயியும் காலை நீட்டி உட்கார முடியாது.

ஐப்பசி மழையை நினைத்துக்கொள்ளுங்கள். உழுது போட்ட நிலத்தின் மேல் மண்ணைத்தான் முதல் வெள்ளம் கரைத்துக்கொண்டு போகிறது. அதிலும் முதலில் கிளம்புவது மிக நுண்ணிய களித்துகள். மருந்து அதிகம் ஒட்டியிருப்பதும் அதில்தான். அது வாய்க்கால் வழியே கண்மாய்க்குப் போய் வண்டலாகப் படிகிறது. கோடையில் அதே வண்டலை அள்ளி வந்து வயலில் போடுகிறோம். மேலே தேவதானம் சாஸ்தா கோவில் பக்கம் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் சுத்தமானதுதான். அது நம் வயல்களைக் கடக்கும்போதுதான் சுமை ஏற்றிக்கொள்கிறது.

வண்டல் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது விற்கும் பெரும்பாலான மருந்துகள் ஒரு பருவத்தில் வெகுவாகச் சிதைந்துவிடும். வண்டல் தரும் நன்மை பெரிது. மண்ணையே வயலை விட்டுப் போகவிடாமல் செய்வதுதான் புத்திசாலித்தனம். வரப்பைப் பலமாக வைப்பது, தண்ணீர் வெளியேறும் மூலையில் நாலைந்து அடி அகலத்துக்குப் புல்லோ வெட்டிவேரோ விட்டுவைப்பது, மழை வரும்போல் இருக்கும் நாளில் மருந்து அடிக்காமல் இருப்பது. புல் வரிசையில் வெள்ளம் வேகம் குறைந்து மண்ணை இறக்கிவிடும், மண்ணோடு ஒட்டியதும் இறங்கிவிடும். கரைந்து ஓடும் மருந்தை மட்டும் புல் அவ்வளவாகத் தடுக்காது. மக்கிய தொழுவுரம் போட்ட நிலத்தில் இரண்டு லாபம்: மக்கு மருந்தைப் பிடித்துக் கிணற்றைக் காக்கும், அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கும் அதுவே சோறு.

ஒட்டி நிற்கும் மருந்து என்ன செய்யும் என்பதற்குக் கேரளத்துக் காசர்கோடு சாட்சி. அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் 1970-களின் இறுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தண்ணீரில் கரையாத, மண்ணிலும் கொழுப்பிலும் ஒட்டும் மருந்து அது. சிதையும்போதும் ஒழிந்துபோவதில்லை, எண்டோசல்ஃபான் சல்பேட் என்ற இன்னொரு நஞ்சாக மாறி இன்னும் நீண்ட நாள் நிற்கிறது. மேட்டில் அடித்தது மழையோடு பள்ளத்துக் கிணறுகளுக்கும் ஓடைகளுக்கும் இறங்கியது. குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடின. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை போட்டது. நம் பக்கத்திலும் பருத்திக்கு அதைத் தாராளமாக அடித்தவர்கள்தான் நாம்.

துண்டு, கைலி, சட்டை

ஒட்டுதலில் மிகவும் கவலைப்பட வேண்டிய இடம் வயல் அல்ல, மருந்து அடிக்கும் ஆளின் உடம்பு.

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைக்கும் என்பதால்தான் அது காயத்துக்கு உகந்தது. நீங்கள் மருந்தடிக்கப் போகும்போது கட்டியிருக்கும் கைலியும் தோளில் போட்ட துண்டும் அதே பருத்தி. மருந்தையும் அப்படியே உறிஞ்சிப் பிடித்து, நாள் முழுக்கத் தோலோடு அழுத்தி வைக்கும்.

தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 1971-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மிகச் சிறிய அளவில் மனிதத் தோலின் பல இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் 100-ல் 9 பங்குகூட உள்ளே போகவில்லை. தலையில் 32 பங்கு. நெற்றியில் 36. அக்குளில் 64. விதைப்பையில் ஏறக்குறைய முழுவதும்.

இனி நாம் செய்வதை யோசித்துப் பாருங்கள். கையில் மருந்து பட்டால் துண்டில் துடைக்கிறோம். வெயிலுக்கு வேர்த்தால் அதே துண்டால் நெற்றியைத் துடைக்கிறோம். பிறகு அதையே தலையில் கட்டிக்கொள்கிறோம். மெல்ல உறிஞ்சும் இடத்திலிருந்த மருந்தை எடுத்து, நாலு மடங்கு வேகமாக உறிஞ்சும் இடத்தில் நாமே வைக்கிறோம். முதுகில் மாட்டிய டேங்கின் மூடி கசிந்தால் அது முதுகெலும்பு வழியே இறங்கி இடுப்புத் துணியில் ஊறும். அங்கிருந்து எங்கே போகும் என்பதற்கு மேலே உள்ள கணக்கே பதில். கசியும் வாஷருக்குச் சில ரூபாய்தான் ஆகும். அதை மாற்றாமல் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அவர்கள் மருந்தைக் குடித்தவர்கள் அல்ல. ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் நுழைந்து அடித்தவர்கள். எதிரே இருக்கும் செடியின் மேல் அடித்த மருந்து இலையில் ஒட்டுவதற்குள் அவர்கள் உடம்பு அதை உரசித் துடைத்துக்கொண்டே போனது. பயிர் நெஞ்சுக்கு மேல் வளர்ந்துவிட்டால் முன்னால் நடந்து அடிக்காதீர்கள். காற்று வீசும் பக்கத்துக்கு முதுகு காட்டி, பின்னோக்கி நடந்து, அடித்த செடி உடம்பில் படாமல் வாருங்கள்.

கையுறை என்றால் ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை. நூல் கையுறை போடுவது, மருந்தில் நனைத்த துணியைக் கையில் கட்டிக்கொள்வதற்குச் சமம். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை போதும். விலை கூடிய உடுப்பு வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை. உரச் சாக்கின் உள்ளே வரும் சுத்தமான பாலிதீன் உறையை முதுகிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டாலே கசிவு துணிக்கு வராது. வேர்வை துடைக்க இன்னொரு துண்டை வரப்பில், காற்றுக்கு மேல் பக்கம், பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கொடியில் போடாதீர்கள், பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்தத் துணியை மற்றவற்றோடு ஊறப்போட்டால் மருந்து ஒரு துணியிலிருந்து கழன்று இன்னொன்றில் ஒட்டும். குழந்தையின் பாவாடையும் அதில் ஒன்றாக இருக்கும். தனி வாளி, சுடுதண்ணீர், தாராளமாகச் சோப்புத்தூள், இரண்டு முறை துவைப்பு, நல்ல வெயிலில் காய்ச்சல். எண்ணெய்க் குணம் உள்ள மருந்தைத் துணியிலிருந்து கழற்றுவது சோப்புதான், வெறும் தண்ணீர் அல்ல. துவைப்பவர் உங்கள் வீட்டுப் பெண்கள் என்றால் அவர்களுக்கும் கையுறை வேண்டும். டப்பா மருந்தே நேராகக் கொட்டிய துணியைத் துவைக்க வேண்டாம், தூக்கி எறியுங்கள்.

தலைசுற்றல், வாந்தி, கண்மணி சுருங்குதல், வாயில் எச்சில் ஊறுதல், மூச்சுத் திணறல் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108-க்குக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியான முறிமருந்தைக் கொடுக்க முடியும்.

டப்பாவும் மாடும்

காலி டப்பாவின் சுவரில் ஒட்டிய மருந்து காய்ந்துவிட்டால் பிறகு கழுவுவது கஷ்டம். மருந்தை ஊற்றிய கையோடு டப்பாவில் கால்வாசித் தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. ஒட்டியிருப்பதில் 100-க்கு 99 பங்குக்கு மேல் வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மருந்தும் வீணாகாது. பிறகு டப்பாவில் ஆணியால் ஓட்டை போடுங்கள். யாரும் அதில் எண்ணெயோ தண்ணீரோ பிடிக்கக்கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள் ஊறியது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மண்ணெண்ணெய்க் கேனை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத் தீவனத்திலும் இதே கவனம் வேண்டும். கொழுப்பில் ஒட்டும் மருந்து மாட்டின் உடம்பில் சேர்ந்து பாலின் கொழுப்போடு வெளியே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாநிலங்களில் 2,205 பால் மாதிரிகளைச் சோதித்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 82 சதவீதத்தில் டி.டி.டி. இருந்தது. வேளாண்மையில் டி.டி.டி.-யை 1989-லேயே தடை செய்தாகிவிட்டது. பால்கோவாவுக்குப் பெயர் போன ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பாலின் நல்ல பெயரும் நம் சொத்துதான். மருந்தடித்த வரப்புப் புல்லை அறுத்துப் போடாதீர்கள், மருந்தடித்த தோட்டத்தில் டப்பாவில் சொன்ன நாள் கழியும் வரை மேய்க்காதீர்கள். மருந்து மூட்டையையும் தீவன மூட்டையையும் ஒரே அறையில் அடுக்குவதையும் விட்டுவிடுங்கள்.

டேங்கைக் கழுவுவது எப்படி?

முதல் யோசனை, களைக்கொல்லிக்கு என்று தனி ஸ்ப்ரேயர் வைப்பது. பழைய ஒன்றைப் பழுது பார்த்து, பெயிண்டால் பெரிய சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். யார் இரவல் கேட்டாலும் கோட்டைக் காட்டிக் கொடுங்கள்.

ஒரே ஸ்ப்ரேயர்தான் என்றால், 2,4-டி அடித்த அன்றே கழுவ வேண்டும், காயவிடக் கூடாது. முதலில் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, பம்ப் அடித்து நாசில் வழியாகவே வெளியேற்றுங்கள். டேங்கைக் கவிழ்த்துக் கொட்டினால் குழாய்க்குள் இருப்பது அப்படியே நிற்கும். அடுத்து டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, சுமார் 100 கிராம் சலவை சோடாவைக் கரைத்து, குழாய்க்குள்ளும் ஏறும்படி கொஞ்சம் பம்ப் அடித்து, இரவு முழுக்க அப்படியே வைத்துவிடுங்கள். 2,4-டி ஓர் அமிலம்; சோடாவின் காரத்தில் அது சுவரை விட்டுத் தண்ணீருக்கு வரும். காலையில் நாசில் வழியே வெளியேற்றி, வடிகட்டியையும் நாசிலையும் கழற்றித் தனியே கழுவி, மறுபடி இரண்டு தடவை நல்ல தண்ணீர். ரப்பர் குழாய் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் அதை மாற்றுவதுதான் நல்லது.

கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். களைக்கொல்லி அடித்த அதே மக்காச்சோளத்தில், அடித்த இடத்திலேயே அடித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், பருத்தியில் இறக்குமுன் அந்த டேங்கில் அடிக்கப்போகும் பூச்சிமருந்தையே கலந்து, ஓரத்தில் நிற்கும் நாலு பருத்திச் செடியிலோ தக்காளிச் செடியிலோ தெளித்து, நாலைந்து நாள் பாருங்கள். கொழுந்து கோணவில்லை என்றால் தைரியமாக அடிக்கலாம்.

ஏற்கெனவே இலை கோணிவிட்டதா? அதற்கு மருந்து கிடையாது. வைரஸ் மருந்து என்று எதையும் வாங்கி அடித்துப் பணத்தை விடாதீர்கள். செடியைப் பிடுங்கவும் அவசரப்பட வேண்டாம். லேசாகப் பட்டிருந்தால் பாசனம் தவறாமல் கொடுத்து வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் புதுக் கொழுந்து அகலமாக வர ஆரம்பிக்கும், காய்ப்பு கொஞ்சம் தள்ளிப்போகும். புதுக் கொழுந்தும் ஒல்லியாகவே வந்தால் இரண்டு கிளையை ஒடித்து, கடைசியாக அடித்த மருந்துகளின் பெயரையும் அந்த ஸ்ப்ரேயர் இரவல் போய் வந்த விவரத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். போனில் கேட்க வேண்டுமானால் உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800 180 1551.